சம்பலுக்குள் மாசி

செவ்வாய் இரவு, கிரவீன் நகரில் எங்கள் வீடு.

பிரான்சில் ஊனமுற்றோர் இல்லமொன்றில் தொண்டு செய்கிற மகள் துர்கா அழுதபடி போன் எடுத்தாள்.

“அம்மா, நீங்க தந்துவிட்ட சம்பல்ல என்ன போட்டனீங்க?”

உறைப்புக்கு அழுகிறாளாக்கும் என்று வழக்கம்போல நக்கலடித்தேன். “அம்மான்ர அன்புதான்.”

“பகிடி விடாதேங்கோ! அதைச் சாப்பிட்ட எங்கட இல்லத்து மனுசிக்கு முகம் வீங்கி மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு. அவவுக்கு மீன் அலர்ஜி. மீன் இல்லையெண்டு சொல்லித்தான் குடுத்தனான்.”

“மாசி போட்டனான் பிள்ளை.”

“மாசி எண்டா?”

“காய்ஞ்ச மீன். இடிச்சுப் போட்டது.”

அம்புலன்ஸ் சத்தம் கேட்டது, போன் நின்றது. பிறகு நான் அடிக்க எடுக்கிறாளில்லை. அந்த மனுசிக்கு ஏதும் நடந்தால் என் பிள்ளையை என்ன செய்வார்களோ?

அடுத்த பார்சலுக்கு வைத்திருந்த சம்பல் போத்தலில் மீன் என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். ஒட்டின பிறகுதான் நினைத்தேன், துர்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.