மடிப்பில் போன ஊர்

சேரப்பணஞ்சேரி
புரட்டாசி முதல் வாரம், 2013

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா முனிரத்தினம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முட்டி வலியைச் சேர்க்காமல் சொன்னால் நான் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கிளாஸ்கோ குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். விளக்கு நான்தான் ஏற்றுகிறேன், உன் அம்மா திரித்து வைத்துவிட்டுப் போன திரியெல்லாம் தீர்ந்துவிட்டது, கடைத் திரி நின்று எரிய மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் இவருக்கு என்ன கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாய், நான் ஆச்சு என்கிறேன், நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், இங்கே இப்பதான்பா விடிஞ்சிருக்கு என்கிறாய், அதோடு நம் பேச்சு தீர்ந்து போகிறது. இந்த முறை அதற்கு மேல் ஒன்று கேட்டேன். கார்த்திகையில் அம்மாவுக்குத் தலைத் திவசம் வருகிறது, வருவாயா என்று கேட்டேன். வந்து யாரைப்பா பார்க்கப்போறேன், அம்மா இல்லாத வூட்டைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல, இங்கிருந்தே ஒரு விளக்கு ஏத்திடறேன் என்று சொன்னாய். நானும் சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

வீட்டு விஷயம் சொல்கிறேன். மாடியில் இரண்டு போர்ஷனிலும் தெற்கத்திப் பெண்கள் குடியிருக்கிறார்கள், எல்லாரும் சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனியில் வேலை. நல்ல பெண்கள், வாசலில் செருப்பை மட்டும் கோயில் வாசல் மாதிரி கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள், அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் இந்த வீட்டில் எந்த நேரம் பார்த்தாலும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். கம்பெனி பஸ் ஓட்டின காலத்தில் இப்படி எத்தனையோ பேரைத் தூங்கத் தூங்கக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், அந்தத் தூக்கத்தின் அருமை எனக்குத் தெரியும், அதனால் டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறேன். செய்தி வாசிக்கிற அம்மாள் வாயை அசைக்கிறாள், என்ன சொல்லியிருப்பாள் என்று நானே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். வீடு நிறைய ஆள், எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒருத்தருமில்லை. தனியாக இருக்கிறது எழில். இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிட்டேன், அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

அந்தப் பெண்களில் மாரிசெல்வி என்று ஒருத்தி, கயத்தாறு பக்கம் ஊர். மோட்டார் போடச் சொல்ல வருகிறபோது பெரியப்பா, சோறு பொங்கியாச்சா, என்ன கறி வச்சிருக்கிய என்று நின்று கேட்டுவிட்டுப் போவாள். ஆடி மாதம் நீ லிங்க் அனுப்பியிருக்கிறேன் பாருங்கள் என்று சொன்னாயே, அதை அவள் லேப்டாப்பில்தான் பார்த்தேன், படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். ஊரில் என்னை யாராவது உன் பொண்ணு இன்னா வேலை செய்யுது என்று கேட்டால், பெரிய லைப்ரரியில் பழங்காலத்து அச்சு வரைபடங்களைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என்று சொல்வேன், ஓ ஜெராக்ஸ் கடையா என்பார்கள், நானும் ஆமாம் என்று விட்டுவிடுவேன். அன்றைக்குப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே கொஞ்சம் விளங்கிற்று. வெள்ளைக்காரன் காலத்தில் நம் பக்கத்தை அளந்து அச்சடித்த படம், பழுப்பேறிப்போன தாள், ஏரியெல்லாம் நீலம், ரோடு சிவப்பு. படப்பை இருக்கிறது, ஒரகடம் இருக்கிறது, ஏரிக்கரையில் குட்டிக் குட்டியாக மரம்கூடப் போட்டிருக்கிறான். நம் ஊரைத் தேடினேன். சேரப் என்று இங்கிலீஷில் பாதிப் பெயர் ஒரு துண்டிலும், சேரி என்று மீதிப் பெயர் பக்கத்துத் துண்டிலும் இருக்கிறது, நடுவில் ஊரைக் காணவில்லை, வெறும் துணிதான் தெரிகிறது. என்ன அநியாயம் என்று உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா. சட்டைப்பையில் வைக்கத் தோதாக அந்தக் காலத்தில் படத்தைத் துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டி மடிப்பார்கள்பா, மடித்து மடித்து அந்த ஓரத்திலிருந்த தாள் உதிர்ந்துவிட்டது, நம்ம ஊர் மடிப்பில் போய்விட்டது என்று சொன்னாய். கம்ப்யூட்டரில்தான் என்னென்னவோ செய்கிறீர்களே, இரண்டு துண்டையும் இழுத்து ஒட்டிவிடக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு நீ, கூடாதுப்பா, இருப்பதை இருக்கிறபடி எடுப்பதுதான் எங்கள் வேலை, போனதைப் போனதாகவே காட்ட வேண்டும், இழுத்து மூடினால் அங்கே ஒன்று இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும் என்றாய். ஓரத்தில் வரிசையாக இருந்த கலர் கட்டங்களை நான் ஏதோ வயல் ஏரி விவரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நிறம் மாறாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்க்கப் பக்கத்தில் வைத்து எடுப்பது என்று அதையும் சொன்னாய். அம்மா போன பிறகு நாம் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். நடுவில் ஒரு தடவைகூட நீ அம்மா பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அதன் பிறகு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிற பெண்ணை எழுப்பி லேப்டாப்பைத் திற என்று எப்படிச் சொல்வது. பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இந்தப் பக்கத்தில் எதையாவது பெரிதாகப் போட வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ் கடையை விட்டால் வேறு கதி இல்லை. மாரிசெல்வி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள், படப்பையில் ரகு கடை இருக்கிறதே, போன வருஷம் அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்த கடை, அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பென்டிரைவைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னா பெரியவரே கிழிஞ்ச பேப்பரா கீது, வேற நல்ல காப்பி கெடைக்கலியா என்று கேட்டான். அப்படியே போடப்பா, ஒன்றும் செய்யாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினான். நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடைக்காரன் எதையாவது அப்படியே போட்டு எங்கேயாவது பார்த்திருக்கிறாயா.

மறுநாள் போய் நிற்கிறேன், சுருளைப் பிரித்துக் காட்டுகிறான். பழுப்பெல்லாம் அழுக்கு என்று வெளுத்துவிட்டிருக்கிறான், கலர் கட்டத்தை எதுக்கு சும்மா என்று வெட்டிவிட்டிருக்கிறான், நாலு ஓரமும் கல்யாண மண்டப வாசல் மாதிரி ரோஜாப்பூ. நடுவில், நம் ஊர் போன அந்த வெற்று இடத்தில், வட்டமாக உன் அம்மா படம். அஞ்சலி பேனருக்குக் கொடுத்தோமே, குன்றத்தூர் மலைக்கோயிலில் எடுத்த, சிரித்த முகமாக இருக்கிற படம், அதுதான். என்னடா இது என்று கத்தினேன். அவன் பயந்துபோய், உங்க பேர் போட்டுத் தேடனேன் சார், அம்மா படம் நம்ம சிஸ்டத்துலயே இருந்துச்சு, அவங்களுக்கு வருஷம் வருதே அதுக்குத்தான் அடிக்கிறீங்கன்னு நெனச்சிக்கினேன், வெள்ளையா ஒரு எடம் சும்மா இருந்துச்சு, அவங்களுக்குன்னே வுட்ட மாதிரி, அதான் வச்சிட்டேன், புடிக்கலன்னா வேற அடிச்சித் தரேன் என்றான். வேறு அடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் எழில். கடையில் ஏதோ கட்சிக்காரர்கள் பிறந்த நாள் பேனருக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள், அவர்கள் எதிரிலேயே அழுதுவிட்டேன். ரகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தான். சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஞானம்மா பார்த்துவிட்டு, இன்னாண்ணா, அண்ணிய ஏரிக்கும் ரோட்டுக்கும் நடுவுல குந்த வெச்சிட்டீங்க என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். உன் அம்மாவுக்கு இந்த ஊர் கடைசிவரை பிடிக்கவே இல்லை, குன்றத்தூரிலிருந்து என்னை இந்தக் காட்டில் கொண்டுவந்து தள்ளினார்கள் என்று மருமகன் வரை சொல்லியாயிற்று, இப்போது பார், அவள்தான் ஊர். பெண்கள் ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் நின்று எங்கள் கம்பெனி எங்கே என்று தேடுகிறார்கள், அங்கே புதர்ச் செடிதான் போட்டிருக்கிறது, இதிலேயா நாம OT பார்க்கிறோம் என்று சிரிக்கிறார்கள். மாரிசெல்வி மட்டும் எங்க ஊரு இதுல வராதுல்லா பெரியப்பா என்று கேட்டாள். அவள் ஊர் இருக்கிற தாளை அக்கா எடுத்துத் தருவார்களா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள், மறந்துவிடாதே, பாவம் தீபாவளிக்குக்கூட அவளுக்கு லீவு கிடைக்குமோ என்னவோ.

எனக்கு இதில் ஒரு குறை இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. ரகு செய்தது தப்பு, உன் கணக்குப்படி பெரிய தப்பு, இருந்த இடத்தை மூடிவிட்டான். ஆனால் உன்னையும் என்னையும் விட அவன் ஒன்று சரியாகச் செய்தான், அவள் இல்லாத இடம் எது என்று கையை வைத்துக் காட்டிவிட்டான். நாம்தான் ஒரு வருஷமாக இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து ஒட்டி, ஒன்றும் போகாத மாதிரி சாப்பிட்டாயா தூங்கினாயா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் போனபோது உன் பாஸ்போர்ட் விசா ஆபீசில் மாட்டிக்கொண்டது, உன்னால் வர முடியவில்லை, அதில் உன் மேல் எனக்கு ஒரு சொட்டு வருத்தமில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் வராததால் உனக்கு அவள் போனது இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறேன். வந்து அந்த அடுப்பங்கரையில் நின்று ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிட்டுப் போ. அப்புறம் இன்னொன்று. வந்து யாரைப்பா பார்க்கப்போறேன் என்று கேட்டாயே, அது என்னைச் சுட்டுவிட்டது. நான் இருக்கிறேனேம்மா. பழைய தாளையெல்லாம் படமெடுத்த பிறகு பெட்டியில் வைத்து மூடிவிடுவோம், அப்புறம் யாரும் தொடவே வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னாய். உன் ஸ்கைப்பில் என் முகம் தெரிகிறது என்பதற்காக என்னையும் அப்படி வைத்துவிடாதே. கார்த்திகைக்கு நீ வர வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டுமாவது வா. இதை நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

நீ கடைசியாக வந்துபோன இந்த நாலு வருஷத்தில் இங்கே வழியெல்லாம் மாறிவிட்டது. கூகுளில் பார்த்துக்கொள்வேன் என்பாய், அதில் நம் வீடு இருக்கிற இடத்தில் எதிர்க் கடை பஞ்சர்காரன் பெயரைப் போட்டிருக்கிறதாம், மாரிசெல்வி காட்டினாள். வண்டலூரில் திரும்பிப் படப்பை தாண்டி வரும் வரை பழைய வழிதான், அதற்கப்புறம் நடு ரோட்டில் தடுப்புச் சுவர் வந்துவிட்டது, நம் தெருவுக்கு நேரே வழி விடவில்லை, தாண்டிப் போய்த் திரும்பித்தான் வர வேண்டும். பஸ் ஸ்டாப்பில் இருந்த வேப்ப மரம் இல்லை, அதைத் தேடிக்கொண்டே வந்தால் ஒரகடம் போய்விடுவாய். விமான நிலையத்துக்கு நான் வருவேன், என் முட்டி சொன்னபடி கேட்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தனித் தாளில் நானே வழியை வரைந்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அளவெல்லாம் பார்க்காதே, பஸ் ஓட்டின கை, வளைவு இருக்கிற இடத்தில் வளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நம் வீட்டை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டேன். தாளை மடிக்கும்போது வீடு மடிப்பில் வராதபடி தள்ளித் தள்ளிப் பார்த்து மடித்திருக்கிறேன், அதனால்தான் உறை ஒரு பக்கம் தடித்திருக்கிறது. அதைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. கையில் எடுத்துக்கொண்டு வா, வழியில் கிழிந்தால் கிழியட்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும் என்று அம்மா சொல்வாள். டிக்கெட் போட்டதும் போன் செய், எந்த நேரமானாலும் பரவாயில்லை. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் மன நிறைவோடு வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா,
சி. முனிரத்தினம்