அமாவாசையில் திறந்த கடை

அண்ணி,

இன்று காலை நம் தெரு முனையில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஜன்னல் வழியாக வாசனை வந்தது. வெள்ளைப் பூசணியின் பச்சை வாசனை, அதோடு கற்பூரம், புதுப் பெயிண்ட். படுக்கையில் இருந்தபடியே தெரிந்துவிட்டது, யாரோ கடை திறக்கிறார்கள் என்று. எழுந்து போய் முதலில் காலண்டரைத்தான் பார்த்தேன். வளர்பிறைப் பஞ்சமி. தமிழ்க்காரருக்கும் ஆகும், தெலுங்குக்காரருக்கும் ஆகும். விவரமான பிள்ளைகள்தான் என்று சிரித்துக்கொண்டேன். சிரித்த கையோடு அழுகையும் வந்தது. நீங்கள் போய் இத்தனை காலமாகியும், கடை திறப்பு என்றால் மனசு உங்களைத்தான் தேடுகிறது.

பெரிய கடை, அண்ணி. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. பருப்பும் மிளகும் பாலித்தீன் பையில் அடைத்து அடுக்கியிருக்கிறார்கள், எதையும் அள்ளி முகர்ந்து பார்க்க முடியாது. முந்தாநாள் அந்தக் கடைக்கார வீட்டு மருமகள் திறப்புக்கு அழைக்கத் தெருவில் வீடு வீடாக வந்தாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, மஞ்சள், குங்குமச் சிமிழ். நான் கதவைத் திறந்ததும் சிமிழை நோக்கிப் போன அவள் கை பாதியில் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து என் நெற்றி வெறும் நெற்றிதானே. பாவம், சின்னப் பெண், என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பத்திரிகையை மட்டும் கொடுத்து, "அவசியம் வந்துடுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் அன்று முழுக்க அந்தக் கை என் கண்ணுக்கு எதிரிலேயே நின்றது.

நாம் கடை திறந்தபோது இது தெருவே இல்லை. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றி ஆலைகள் வரத் தொடங்கிய சமயம். வயலை மேடாக்கி, வேலைக்கு வந்தவர்களுக்காக வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டியிருந்தார்கள். பாதிக்கு மேல் ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கமிருந்து, ஆந்திர எல்லை தாண்டி வந்த தெலுங்குக் குடும்பங்கள். தீப்பெட்டி வேண்டும் என்றாலும் ரயில்வே ஸ்டேஷன் பக்கம்தான் நடக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் என் அண்ணனுக்கு, உங்கள் வீட்டுக்காரருக்கு, ஆசை வந்தது. திருவள்ளூரில் பெருமாள் கோயில் பக்கத்து மளிகைக் கடையில் வருஷக்கணக்காகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மனுஷன் அவர். முன்னறையில் கடை, பின்னால் குடித்தனம் என்று இங்கே ஒரு வீட்டைப் பிடித்தார். பலகை அடித்தார். தராசு வாங்கித் தொங்கவிட்டார். அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தார்.

வருஷம் திரும்பும் வரை நான் தையல் மிஷினை ஓட்டினேன், நீங்கள் பொத்தான் வைத்தீர்கள், காஜா எடுத்தீர்கள். முன்னறைப் பலகையில் தூசி படிந்தபடி இருந்தது. ஒருநாள் நீங்கள் ஈரத்துணியை எடுத்து அந்தத் தராசைத் துடைத்தீர்கள். "கடைய தொறந்துடலாம் கோமளா" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சில்லை.

உங்கள் அண்ணன் திருவள்ளூரிலிருந்து வந்து குதித்தார். தனியாக ஒரு பெண், அதுவும் புருஷனை இழந்தவள், வியாபாரம் பண்ணுவதாவது என்று கேட்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். திறப்பு நாளன்று வந்து கூட இருப்பார். நடக்காது என்று தெரிந்தால் மறுநாளே சாமானை ஏற்றிக்கொண்டு நீங்கள் அவரோடு கிளம்பிவிட வேண்டும். என்னை ஆர்.கே.பேட்டைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிடுவார். நீங்கள் தலையாட்டினீர்கள். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் போனபின் எனக்கு என்று மிச்சம் இருந்தது நீங்கள் மட்டும்தான்.

எந்த நாளில் திறப்பது என்று நாம் யோசிக்கவே இல்லை. என் அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாரே. "கட தொறந்தா அமாவாசைல தொறக்கணும், கூட்டம் தன்னால வரும்." திருவள்ளூரில் பிறந்து வளர்ந்த நமக்கு அதில் என்ன சந்தேகம்? அங்கே அமாவாசை என்றால் விடியும் முன்பே கோயில் வீதி நிரம்பிவிடும். சன்னதியில் சேர்க்க உப்பும் மிளகும் வாங்குவார்கள். உடம்பில் உள்ள நோய் கரைய வேண்டும் என்று குளத்தில் கரைக்க வெல்லம் வாங்குவார்கள். மற்ற நாளெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு நாள் வியாபாரம் ஒரு பக்கம்.

அதனால் நாமும் கல்லுப்பு மூட்டையை இறக்கினோம். மிளகு நிறைய வாங்கினோம். கூடை நிறைய வெல்லம். முதல் நாளே உட்கார்ந்து உப்பையும் மிளகையும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, திருவள்ளூர்க் கடைகளில் அடுக்குவது போலவே அடுக்கினோம். இந்த ஊரில் அந்தக் கோயிலும் இல்லை, அந்தக் குளமும் இல்லை என்பது உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அமாவாசைக் காலையில் அண்ணன் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினீர்கள். உங்கள் அண்ணன் பூசணிக்காய் உடைத்தார். நீங்கள் சாயம் போன நீலப் புடவையில், வெறும் நெற்றியோடு, கல்லாவில் உட்கார்ந்தீர்கள். நான் வாசலைப் பார்த்தேன். எதிர்க் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் நம்மைப் பார்த்தார்கள், ஏதோ பேசிக்கொண்டார்கள், போய்விட்டார்கள். மிட்டாய் ஜாடியைப் பார்த்து ஓடி வந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் தெலுங்கில் கத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நமக்கு அப்போது தெலுங்கு புரியாது. இழுத்துக்கொண்டு போனது மட்டும் புரிந்தது.

வெயில் ஏறிய பிறகு கடைசி வீட்டுத் தமிழ் அம்மா ஒருத்தர் பையோடு வந்தார். வாசலில் நின்று உங்கள் நெற்றியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "போணி பண்ண வேற யாரும் இல்லியா?" என்று கேட்டார். புதுக் கடையின் முதல் வியாபாரத்தை உங்கள் கையால் தொடங்க அவருக்கு மனசில்லை. பதிலுக்குக்கூட நிற்கவில்லை. அந்த ஒருத்தரை வைத்து நீங்கள் இந்தத் தெருவையே எடை போட்டுவிட்டீர்கள்.

"நான் அப்பவே சொல்லல?" என்று உங்கள் அண்ணன் ஆரம்பித்தார். "வெறும் நெத்தியோட கல்லாவுல குந்திக்கினு இருந்தா எவ வந்து போணி பண்ணுவா? இன்னாத்துக்கு இந்த பேஜாரு? நாளைக்கு வண்டி எட்தாறேன், ஊட்டாண்ட வந்துடு. ஒனக்கு சோறு போட மாட்டனா?" அவர் கெட்டவர் இல்லை. சோறு போட்டிருப்பார். ஆயுசுக்கும் ஒரு மூலையில் உட்கார வைத்துச் சோறு போட்டிருப்பார். அதை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நீங்கள் எழுந்தீர்கள். "நீ போய் கல்லாவுல குந்து கோமளா. என் மூஞ்சி ஆவாதும்மா" என்று சொல்லிவிட்டு, கோணித் திரைக்குப் பின்னால் போய்விட்டீர்கள். எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதுபோல ஒரு சொல் என்னை அறுத்ததில்லை. நான் பொட்டும் பூவுமாகக் கல்லாவில் உட்கார்ந்தேன். அப்போதும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அப்படியானால் காரணம் உங்கள் முகமாக இருக்க முடியாது அல்லவா? அந்தத் துக்கத்தில் அது நமக்கு உறைக்கவே இல்லை. வெல்லக் கூடைக்கு எறும்பு மட்டும் வரிசை கட்டி வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பின்கட்டு வாசலில் ஒரு குரல். எதிர் வீட்டு ரமணம்மா. இடுப்பில் பையன். முன்பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏம்மா, நீங்க விவரம் தெரிஞ்சவங்கதானே? அமாவாசையும் அதுவுமா யாராச்சும் கட தொறப்பாங்களா? எங்காளுங்க இன்னிக்கு புதுசா எதையும் தொடமாட்டாங்க. காலைலேர்ந்து என் மவன் இந்த நைனா முட்டாயி முட்டாயின்னு ஒரே ஓட்டம். இவன புட்சிக்கினு நின்னு என் கையே போச்சு."

நீங்கள் திரையை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் குரல் எனக்கே லேசாகத்தான் கேட்டது. "அப்போ... என் மூஞ்சிய பாத்து இல்லியா?"

ரமணம்மாவுக்குப் புரியவில்லை. மாடத்தில் இருந்த சிம்னி விளக்கை எடுத்து, அடிகிடி பட்டிருக்கிறதா என்று பார்ப்பது போல உங்கள் முகத்தருகே தூக்கிப் பிடித்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"ஒன் மூஞ்சிக்கு இன்னா?" என்றாள்.

அவளுக்கு வழக்கம் தெரியாமல் இல்லை, அண்ணி. அவள் ஊரிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் பருப்பு வாங்குவதற்கும் அதற்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவில்லை. "நாளைக்குத் தொறங்க, நான் வர்றேன்" என்றாள். உங்கள் அண்ணன் பதறிப்போனார். அமாவாசைக்கு மறுநாள் பிரதமை, நாம் பாட்டிமுகம் என்று ஒதுக்குகிற நாள் ஆயிற்றே. "பாட்டிமுகத்துல எவனாச்சும் யாவாரம் ஆரம்பிப்பானா?" என்று கத்தினார். ரமணம்மா அசரவில்லை. "எங்களுக்கு வருசமே அந்தத் திதியிலதான் பொறக்குது" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நீங்கள் சிரித்தீர்கள். என் அண்ணன் இறந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துச் சிரித்து, அப்படியே உப்பு மூட்டைமேல் சாய்ந்து அழுதீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் உங்கள் அண்ணன் வண்டி பார்க்கக் கிளம்பினார். "எட்தாண்ணா, ஆனா கொஞ்சம் மெதுவா எட்தா" என்றீர்கள். நான் கல்லாப் பக்கம் போனேன். நீங்கள் என்னைத் தடுத்தீர்கள். "வேணாம். ஒன் மூஞ்சிக்காவ யாரும் வர வேணாம், என் மூஞ்சிக்காவும் வர வேணாம். பருப்புக்கு வரட்டும்." சொல்லிவிட்டு, அதே நீலப் புடவையில், அதே நெற்றியோடு உட்கார்ந்தீர்கள். ஏற்கெனவே துடைத்த தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

ரமணம்மா வந்தாள். மஞ்சளும் உப்பும் கேட்டாள். நிறுத்துக் கொடுத்துவிட்டு, அவள் நீட்டிய காசை வாங்கத் தயங்கினீர்கள். "டப்பு புடிம்மா, அடுப்புல கொழம்பு கொதிக்குது" என்று அதட்டினாள். அந்தப் பையன் அதற்குள் ஜாடிக்குள் கையை விட்டிருந்தான். அவளுக்குப் பின்னால் குழாயடிப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். உங்கள் அண்ணன் வண்டியோடு வந்தபோது வாசலில் அவருக்கு வழி இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டிக்காரனை அனுப்பிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து நூலை இழுத்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். கட்டத் தெரியவில்லை, எல்லாம் பிரிந்துகொண்டது. மிளகைத்தான் யாரும் சீந்தவில்லை. அந்த வருஷம் முழுக்க நம் வீட்டு ரசம் தொண்டையைப் பிடித்தது.

அதற்குப் பிறகு நாம் பிரியவே இல்லை. என் கல்யாணம்கூட இந்தத் தெருவுக்குள்ளேயே ஆயிற்று. கடைசி வீட்டு அம்மாவும் மெல்ல மெல்ல வர ஆரம்பித்தார். நீங்கள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வெறும் நெற்றியோடு ஒரு தெருவுக்கே மஞ்சளும் குங்குமமும் விற்றீர்கள், அண்ணி. எத்தனை கல்யாணங்களுக்கு நம் கடையிலிருந்து போனது. அந்தக் கல்யாணங்களில் நீங்கள் பின்வரிசையில்தான் உட்காருவீர்கள். என் கல்யாணத்திலும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டீர்கள். கடையில் ஜெயித்ததை நீங்கள் பந்தலுக்குக் கொண்டுவரவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் இன்று காலை குளித்துவிட்டு நேராக அந்தப் புதுக் கடைக்குப் போனேன். நான்தான் முதல் ஆள். கல்லாவில் மருமகள், பக்கத்தில் அவள் மாமியார். உப்பு ஒரு பாக்கெட், மஞ்சள் ஒரு பாக்கெட் எடுத்து வைத்தேன். மாமியார் என் நெற்றியைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார். "அம்மா, கொஞ்சம் உக்காருங்க. எங்க நாத்தனார் வந்துக்கினே இருக்காங்க, மொதல்ல அவங்க..." என்று இழுத்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் குரலும் ரமணம்மாவின் குரலும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தது போல இருந்தது.

"ஏம்மா, என் மூஞ்சிக்கு இன்னா?" என்று கேட்டேன்.

அந்தச் சின்னப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். முந்தாநாள் பார்த்தது போல இல்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது போல, நின்று நிதானமாக, முகம் முழுக்கப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல பாட்டி" என்றாள். உப்பு பாக்கெட்டை எடுத்து மிஷினில் காட்டினாள். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

போணி ஆகிவிட்டது, அண்ணி.