அறுபத்துமூன்று மொட்டை

ஏழாம் நம்பர் லயம்,
ஹாலிஎல.
20.9.1972

அன்பு மகள் பாக்கியலெட்சுமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், அதிலும் நேற்றுச் சாயந்தரத்திலிருந்து உன் அப்பா வீட்டிலேயே சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் இதே மாதிரி சந்தோஷமாக இருக்க மாரியம்மன் துணை. ஆமாம் மகளே, கேஸ் தள்ளுபடி! ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் சிரிப்பு சிரிப்பாக வருகிறது, எழுத்து கோணலாக இருந்தால் ஏசாதே. நீ போன கடிதத்தில் இரண்டு கேட்டிருந்தாய். அப்பாவுக்கு ஜெயில் உண்டா என்று ஒன்று. கோத்தகிரியில் உன் பக்கத்து வீட்டில் இருக்கும் செல்லாயி அக்கா கேட்கச் சொன்னது மற்றது, அவள் மகன் அழகருக்கு யார் மொட்டை போட்டுக் கொள்ளிக்குடம் தூக்கினார்கள் என்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், முதலில் இருந்து சொல்கிறேன்.

அழகர் செத்த சேதிக்கு அடித்த தந்தியில் நாலு வார்த்தைக்கு மேல் போட முடியவில்லை. பதினாறு றாத்தல் கொழுந்து எடுத்தால் ஒரு நாள் சம்பளம் என்றிருந்ததைப் பெரிய துரை இருபத்திரண்டு ஆக்கினார். இந்த வெயிலில் செடியில் கொழுந்து ஏது, அவர் பங்களாக் கூரையில் ஏறியா பறிப்பது? ஸ்ட்ரைக் என்று உட்கார்ந்துவிட்டோம். பதினோரு நாள், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற காலைப் பெரட்டுக்கு ஒரு ஆள் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் தேயிலை ஏற்றிய லொறி வெளியே போகக்கூடாது என்று பாலத்தடியில் வழியை மறித்தோம், நானும் முன்வரிசையில்தான், உன் அப்பா பின்னால் போ என்று கத்தியும் போகவில்லை. எங்கிருந்தோ வரவழைத்த பொலிஸ் வந்து பொல்லால் அடித்தது. அதற்குப் பிறகு யாரோ கல் எறிந்தார்களாம். யாரென்று மாரியம்மனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டேன். உடனே சுட்டார்கள். அழகர் எங்கள் எல்லோருக்கும் ரொட்டி சுற்றி எடுத்துக்கொண்டு அப்போதுதான் பாலத்துக்கு வந்தான், குண்டு அவன் மேல்தான் பாய்ந்தது. அவன் கையில் கல் இல்லை, என் தூக்குச் சட்டிதான் இருந்தது. சுட்டவன் மேல் இன்றுவரை ஒரு கேஸும் இல்லை. இதை எழுதும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்லாயி அக்காவும் அவள் புருஷனும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின நாளிலிருந்து அவன் நம் வீட்டில்தான் சாப்பிட்டான், உனக்குத் தெரியும். கூடப்பிறந்தவர்களும் கிடையாது. பதுளை ஆஸ்பத்திரியில் இருந்து பிரேதத்தைக் கொண்டுவந்து வைத்ததும் யார் மொட்டை போடுவது என்ற கேள்வி வந்தது. உன் அப்பா எழுந்து, என் வீட்டுச் சோத்தத் தின்ன புள்ள, நான் போடுறேன் என்றார். அடுத்த வீட்டு மாமா உடனே, நான் சித்தப்பன் மொறை, எனக்கில்லாத உரிமை ஒனக்கென்னய்யா என்று மல்லுக்கு வந்துவிட்டார். மூன்றாமவர் வந்தார், நான்காமவர் வந்தார், எழவு வீட்டில் ஏலம் போடாத குறை. கடைசியில் பெரியவர்கள், கொடத்த ஒருத்தன்தான் தூக்க முடியும், மொட்டை போடக் கணக்கா இருக்கு, போடுறவனெல்லாம் போடுங்கடா என்று தீர்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், ஓடைக்கரையில் வரிசை நின்றது. நாவிதருக்கு விரல் மடங்காமல் போய்விட்டது, அறுபத்தோரு தலையை முடித்து, தன் தலையை மருமகனிடம் நீட்டினார். பங்களாச் சமையல்காரர் சிவஞானம், துரைமாருக்கு மத்தியானச் சாப்பாடு வைத்துவிட்டு ஓடிவந்து அறுபத்துமூன்றாவது ஆளாகக் குந்தினார். எல்லோருக்கும் மீசையும் போய்விட்டது மகளே! இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் உன் அப்பாவுக்கு மேலுதட்டில் மச்சம் இருப்பது எனக்குத் தெரியாது. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போகிற மனுஷன் யாரோ என்று நான் அழுதுகொண்டே முழித்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாளே பொலிஸ் வந்தது. பெரிய துரை கொடுத்த பட்டியலில் இருந்த ஒன்பது பேரும் சங்கக் கமிட்டிக்காரர்கள், உன் அப்பாவும் அதில். இவர்கள்தான் கல் எறிந்தவர்கள் என்று பிடித்துக்கொண்டு போய் ரிமாண்டில் போட்டார்கள். குற்றம் ரூபித்தால் ஐந்து வருஷம் என்றார் நமக்காக வழக்காடும் புரக்டர் ஹுமைத் ஐயா. பேரப்பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போனபிறகுதான் உன் அப்பா வெளியே வருவார் என்று கணக்குப் பார்த்துக் கிடந்தேன். சாட்சி சொல்லக் கணக்கப்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் அன்றைக்குத் தனக்கு வயிற்றுப்போக்கு, எதையும் பார்க்கவில்லை என்று சாதித்துவிட்டார், நல்ல மனுஷன், வெளியில் எப்படி முறைத்தாலும். மிச்சம் இருந்த சாட்சி வெளியூர்ப் பொலிஸ் சார்ஜனும் வந்து மூன்று மாதமான சின்னத்துரையும்தான். நீதவான் ஐயா முன்னால் அடையாளம் காட்டச் சொல்லிப் பதுளைக்குக் கூப்பிட்டார்கள். ஆண்கள் அத்தனை பேரும் பஸ் பிடித்துப் போனோம், போனோம் என்று சொல்கிறேன் பார், பெண்கள் நாங்களும்தான். கொண்டக்டர் அத்தனை மொட்டையையும் பார்த்துவிட்டு, கதிர்காமத்துக்குப் போகிற பஸ் இது இல்லை என்று சிங்களத்தில் கெஞ்சினான்.

கோர்ட்டில் ஒன்பது மொட்டைக்கு நடுவே நிறுத்த இன்னும் மொட்டைகள் வேண்டும் என்றார்கள். அதற்கா நம்மிடம் பஞ்சம்? முப்பது பேரை வரிசையாக நிறுத்தினார்கள், நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். எனக்கே உன் அப்பாவைக் கண்டுபிடிக்க மச்சம் தேவைப்பட்டது. சார்ஜன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று தரம் நடந்து, எல்லாம் ஒரே தலையாக இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். பிறகு சின்னத்துரை வந்தார். அவருக்கு ரோஷம், காட்டாமல் போகக்கூடாது என்று. நேரே போய் ஒருவர் முன்னால் நின்று, இவன்தான் முதல் கல்லை எறிந்தவன், இந்த முகத்தைச் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று விரலை நீட்டினார். யார் தெரியுமா? சிவஞானம்! மூன்று மாதமாகத் தினம் காலையில் கட்டிலுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற மனுஷன்! தலைப்பாகை இல்லாமல் அவரைத் தெரியவில்லை, தட்டைத் தவிர முகத்தை என்றைக்குப் பார்த்தார்? சிவஞானம் அமைதியாக, தொரைங்களா, அன்னிக்கு அந்த நேரத்துல ஒங்களுக்கு முட்டை பொரிச்சிக்கிட்டு இருந்தேனுங்க, ரெண்டாவது முட்டை கேட்டீங்க என்றார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பொலிஸ்காரன் என்னை அப்பால் போ என்று விரட்டினான். நீதவான் ஐயாகூடக் கைலேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

நேற்றுக் கேஸைத் தள்ளி, ஒன்பது பேரையும் விட்டுவிட்டார்கள். புரக்டர் ஐயா வெளியே வந்து உன் அப்பா முதுகில் தட்டி, என்ன மூளை, யார் யோசனை இது என்று கேட்டார். உன் அப்பா, யோசனை இல்லீங்கய்யா, எழவுங்க, எங்க வீட்டு எழவு என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது ஒரே பாட்டும் கும்மாளமும், ஆனால் பாலத்தடியில் தானாக எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். பெரிய துரை இறங்கிவந்துவிட்டார், றாத்தல் பழையபடி பதினாறு, திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகிறோம். சிவஞானத்துக்கு வேலை போகவில்லை. அவரைக் காணும்போதெல்லாம் சின்னத்துரை முகம் சிவக்கிறதாம். உன் அப்பா தலையில் இப்போது அறுத்த குரக்கன் தாள் மாதிரி முளைத்திருக்கிறது, மீசையை இனி வளர்க்காதீங்க என்று சொல்லிப் பார்த்தேன், முறைக்கிறார்.

நீ பனியில் தலையைக் கட்டாமல் மலைக்குப் போகாதே. ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் கூடை தூக்காதே, மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். வயிற்றுப்பிள்ளையும் நீயும் நூறு வயது இருக்க அம்மாவும் அப்பாவும் ஆசீர்வாதம் பண்ணுகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்தக் கடிதத்தைக் கிடைத்த அன்றைக்கே செல்லாயி அக்காவுக்கு உட்கார வைத்து வாசித்துக் காட்டு, சிரிக்கிற இடத்தில் நீயும் சிரி, அவள் சிரித்தால் தடுக்காதே. குடம் தூக்கியது உன் அப்பா என்று சொல். மொட்டை போட்டது யார் என்று ஒரு பெயரைத்தான் கேட்பாள், அறுபத்துமூன்று பேர் என்று சொல். ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைப்பாள். நினைத்தால், அழகர் என்பவனுக்காக அறுபத்துமூன்று பேர் தலை மழித்திருந்தார்கள் என்று நீதவான் ஐயாவே எழுதச் சொல்லி, பதுளைக் கோர்ட்டுப் புத்தகத்தில் அது இருக்கிறது என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
இராக்கம்மா