எடைக்கு எடுத்த பத்து மீனு

ஆவணி 4, செவ்வாய்

காத்து இல்ல. புழுக்கம். எண்ணூர் பக்கத்துலேர்ந்து சாம்பல் வந்து கொடியில காயுற துணியெல்லாம் ஒரே கலீஜ்.

காலையில ஆறு மணிக்குப் பின்கட்டுத் தார்பாய்த் தொட்டியப் பாத்தேன். ஜிலேபி மீனு எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ரெண்டு செத்து மிதக்குது, பொடிசு. நேத்து ஒண்ணு. தண்ணிக்குக் காத்து வுடுற மோட்டார் ஓடிகினுதான் கீது. தண்ணியில புளிச்ச வாடை. மேல தீவனம் அப்படியே மிதக்குது.

நான் போட்டதா அது? நம்ப மாட்டேன். மீனு 280. ஞாயித்துக்கிழமை பத்து மீனு எடுத்து நிறுத்தேன், ஒண்ணு 110 கிராம் வந்துது. மொத்தம் 31 கிலோ. நூறு கிலோ மீனுக்கு மூணு கிலோ தீவனம்னு கடை அட்டையில போட்டுக்கீது. அப்ப நாளைக்கு 930 கிராம், மூணு வேளையா. தராசு வெச்சுதான் போடுறேன். மீனுக்குப் பசி இருந்தா மிச்சம் எப்படி வரும்? வேற யாரோ போடுறாங்க.

போன தடவை கருவாட்டுத் தூள், தவிடு, புண்ணாக்கு பெசஞ்சு உருட்டிப் போட்டேன். அடியில போய்க் குந்திகிச்சு, துன்னுச்சா இல்லையான்னே தெரியல. மொத்த மீனும் போச்சு. அதான் இந்தவாட்டி மிதக்குற தீவனமா வாங்கினேன்.

எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயிட்டு வந்து எட்டிப் பாத்தாரு. "இந்தவாட்டியும் செத்துச்சுன்னா வர்ற செவ்வா தொட்டியப் பிரிச்சுடுவேன். தார்பாய் படகுக்கு ஆவும்." கடல் மீனு புடிக்கிறவன் வூட்ல தொட்டி மீனான்னு ஊரே கேக்குதாம். ஊருக்கு இன்னா? முட்டி போனதுலேர்ந்து மார்க்கெட்ல குந்தி மீனு விக்க முடியல. இந்தத் தொட்டிதான் எனக்குன்னு இருக்குற வேலை. இதுவும் போச்சுன்னா நாளெல்லாம் செவுத்தப் பாத்துகினு கெடக்கணும். பயமா கீது.

சந்தேகம்:
வசந்தா.
தீவனக் கடை பாய். பழைய சரக்கு?
எங்க வூட்டுக்காரரு. (தார்பாய்!)

ஆவணி 5, புதன்

முட்டிக்குத் தைலம் வாங்கணும். கேஸ் புக் பண்ணணும்.

தீவன மூட்டையில மார்க்கர்ல கோடு போட்டேன். முடிச்சு மேல குங்குமம் தூவி வெச்சேன். எவ கை வெச்சாலும் தெரிஞ்சுடும்.

வசந்தா எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி. பின்கட்டு ரூம்ல கீறா, தொட்டிக்கு நாலடி தூரம். போன தடவை மீனு செத்தப்போ இவ சோப்புத் தண்ணிதான் காரணம்னு நாலு பேரு முன்னாடி கத்திட்டேன். அதுலேர்ந்து தெருக்குழாய்ல போய்த் துவைக்கிறா. எட்டு மாசம் ஆச்சு. பக்கெட்ட இடுப்புல வெச்சுகினு போறா, வர்றா. மூஞ்சி மட்டும் கொடுக்கறதில்ல.

இன்னிக்கு போன்ல யார்கிட்டயோ, "அது அப்படித்தான், நான் கண்டுக்கறதே இல்ல"ன்னா. எது அப்படித்தான்? நான் வந்ததும் குரல கொறச்சா.

ஆவணி 7, வெள்ளி

மூட்டம். மூணு செத்துச்சு. மூணும் பொடிசு.

குங்குமம் அசையல. கோடும் சரியா கீது. அப்ப மூட்டையில யாரும் கை வெக்கல. சரி, அப்ப சரக்குதான் மோசம்.

தண்டையார்பேட்டை போனேன். பாய்கிட்ட கைப்பிடி தீவனத்தக் காட்டி, "இன்னா பாய், பூத்துப் போனத என் தலையில கட்டிட்டியா?"ன்னேன். மூஞ்சி சுண்டிப் போச்சு அவருக்கு.

"அக்கா, போன வாரம் வந்த லோடு. வாசனை பாரு."

"எனக்கு வாசனை தெரியாதா? இருவது வருசம் மீனு வித்தவ நான்."

அவரு ஒரு உருண்டைய எடுத்து வாயில போட்டு நறுக்குன்னு மென்னாரு. "போதுமா? நானே துன்னுட்டேன்." கடையில நின்ன ரெண்டு பேரு சிரிக்கிறான். பாய் துன்றாரு, என் மீனு துன்ன மாட்டேங்குது. கொழுப்பா?

பஸ்ல நின்னுகினே வந்தேன். முட்டி விண்ணு விண்ணுன்னு.

ஆவணி 8, சனி

அஞ்சு.

தாங்கல. தொட்டியாண்ட தலை வாரிகினு இருந்தா வசந்தா. போய்க் கேட்டேன். "மிஞ்சுன சோத்தத் தொட்டியில கொட்டுறியா? உண்மைய சொல்லு."

சீப்ப கீழ வெச்சா. "அண்ணி, எனக்கு ஒருத்திக்கு ஆக்குறேன். மிஞ்சுறதுக்கு அதுல இன்னா கீது?"

"அப்ப மீனு ஏன் சாவுது?"

"என்னைக் கேட்டா? நாளைக்கு எடை போடுவல்ல, நான் பக்கத்துலயே நிக்கிறேன். நீ பண்றது எல்லாத்தையும் பாக்குறேன். என்மேல தப்பு இல்லன்னா என்ன பண்ணுவ?"

இவ எதுக்குப் பக்கத்துல நிக்கணும்? என்னத்த மாத்தப் போறா?

ஆவணி 9, ஞாயிறு

நடந்தத ஒழுங்கா எழுதணும்.

கைவலையால மீனு அள்ளி அலுமினிய அன்னக்கூடையில போட்டுகினு இருந்தேன். வசந்தா இடுப்புல கைய வெச்சுகினு நின்னா. மூணாவது மீனு போடுறப்போ, "ஏன் அண்ணி சின்னதத் தூக்கி மறுபடி தொட்டியில போடுற?"

"எங்க போட்டேன்?"

"இப்பதான். அதுக்கு முன்னாடியும் ரெண்டு."

புளுகுறான்னு நெனச்சேன். மறுபடி அள்ளினேன். வலையில நாலு மீனு. என் கை தானா பெருச எடுத்து அன்னக்கூடையில வெச்சுது, பொடிசு மூணையும் தண்ணியில தள்ளுச்சு. நான் பாத்துகினே இருக்கேன், கை பாட்டுக்கு பண்ணுது.

வசந்தா சிரிச்சுட்டா. "கூறு போடுறியா அண்ணி? கிராக்கி வந்துகீதா?"

இருவது வருசம் மார்க்கெட்ல அதான பண்ணேன். கூறுல பெருச மேல அடுக்கு, பொடிச அடியில தள்ளு. யாரும் சொல்ல வேணாம், கைக்கே தெரியும். எடைக்கு எடுத்த பத்தும் கண்ணுக்கு அழகான பத்து. அத வெச்சு மொத்தத் தொட்டிக்கும் கணக்கு.

வலைய வசந்தா கையில குடுத்தேன். வந்தத வந்தபடி பத்து அள்ளுனா. ஒண்ணு 66 கிராம். செத்தது போக மீனு 269. மொத்தம் 18 கிலோகூட இல்ல. தீவனம் 530 கிராம் போதும். நான் 930 கொட்டிகினு இருந்திருக்கேன். மிஞ்சுனது ஊறி, தண்ணி கெட்டு, பொடிசுங்க மொதல்ல போச்சு.

மூட்டை, குங்குமம், பாய், சோறு. சீ.

இன்னிக்குத் தீவனம் கெடையாது. பாதித் தண்ணிய மாத்தினோம், ரெண்டு பேரும். அவ ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அதுவே குத்துது.

ஆவணி 10, திங்கள்

தீவனம் 530, மூணு வேளையா. கால் மணி நேரத்துல ஒண்ணும் மிச்சமில்ல. சாவு ஒண்ணு.

பாய்க்குப் போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "உடு அக்கா, நல்லாத்தான் இருந்துச்சு, உப்புதான் கம்மி"ன்னாரு.

ஆவணி 11, செவ்வாய்

மழை தூறி விட்டுருச்சு. காலையில ஒரு மீனும் மேல வரல. சாவு இல்ல. எங்க வூட்டுக்காரரு கத்தியோட வந்தாரு, தார்பாய் கட்டுன கயித்த அறுக்க. ரொம்ப நேரம் தண்ணியப் பாத்தாரு. "எவ்ளோ போடுற?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாரு. கத்திய ஜன்னல்ல வெச்சுட்டாரு.

அப்பால போன தடவை நோட்ட எடுத்தேன். எடுத்திருக்கவே வேணாம். வாராவாரம் என் கையெழுத்துல, "பத்தும் கொழுகொழுன்னு கீது." அதுக்குக் கீழயே, "மூணு செத்துச்சு, பொடிசு." "நாலு, பொடிசு." கடைசிப் பக்கத்துல கொட்டை எழுத்துல "வசந்தா சோப்பு"ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கேன்.

அப்பவும் நான்தான். எட்டு மாசமா அவள நடக்க வெச்சிருக்கேன்.

இப்ப பக்கெட்ட இடுப்புல வெச்சுகினு வாசலாண்ட போறா. "வசந்தா, இங்கயே துவைடி"ன்னு கத்திட்டேன். திரும்பல. பக்கெட்ட மட்டும் கீழ வெச்சிருக்கா.