மூன்றாம் ஓலைக்கு முன்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
14-5-1962

அன்பு மகள் செசிலிக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், ஆட்டுக்குட்டி சுகம், என் மூட்டுவலியும் ஒரு குறையுமில்லாமல் சுகமாக இருக்கிறது. நாக்பூர் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்று அம்மா தினமும் கேட்கிறாள். நேற்றுப் பூசையில் சுவாமியார் உனக்கும் விழுப்புரம் சவுரிராயனுக்கும் முதல் ஓலை வாசித்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் கேட்டபோது, எவன் வாயைத் திறக்கிறான் பார்க்கலாம் என்று திரும்பிக் கோயிலையே ஒரு முறை முறைத்தேன், பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா இருமினாள். இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை, அப்புறம் கல்யாணம்.

அந்தச் சந்தோஷத்தில் மத்தியானமே ரயிலேறி விழுப்புரம் போனேன். மாப்பிள்ளை ரயில்வே உத்தியோகம், மடிப்புக் கலையாத சட்டை, நல்ல உபசாரம். பேச்சோடு பேச்சாக, “செசிலி உங்களுக்கு எழுதற லெட்டரெல்லாம் எடுத்துக்கினு வாங்க மாமா, நானும் பாக்கணும்” என்றார். இனிமேல் உங்களுக்குத் தனியாக எழுத வேண்டாம், எனக்கு எழுதுவதிலேயே உங்களுக்கும் ரெண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னார். என் மகள்மேல் எவ்வளவு ஆசை என்று பல்லை இளித்தேன். அப்போது சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்க அவர் கையைத் தூக்கினார். பக்கத்தில் காப்பித் தம்ளரோடு நின்ற அவர் அம்மா சட்டென்று முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டது, காப்பி முழுக்க என் வேட்டியில். நான் என்ன செய்தேன் தெரியுமா, சம்பந்தியம்மா எனக்கு ரெண்டாந்தரம் ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க என்று ஜோக் அடித்தேன். அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை, மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ரயில் முண்டியம்பாக்கம் தாண்டுகிறபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

கடலை மண்டியில் இருபது வருஷமாக மல்லாட்டை எடை போடுகிறவன் நான். மேலே மட்டும் நல்ல காயைப் பரப்பிக் கொண்டுவருகிறவனை, மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தே பிடித்துவிடுவேன். மாப்பிள்ளை விஷயத்தில் சட்டை மடிப்பைப் பார்த்ததோடு சரி. வீட்டுக்கு வந்து உன் கடிதங்களையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நர்சு படிப்புக்குப் போன புதிதில் ஆறு பக்கம் எழுதுவாய், மேட்ரன் நடக்கிற நடையைப் படம் வேறு போட்டிருப்பாய், நான் படிக்க அம்மா கேட்டுச் சிரித்து அடுப்பில் கேப்பைக் களி தீய்ந்த நாளெல்லாம் உண்டு. நிச்சயமான பிறகு வந்ததெல்லாம் நாலே வரி. என் தோழி முனியம்மாளோடு பழகுவது அவருக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். பதில் போட ஒரு நாள் தாமதம், கண்டபடி திட்டி எழுதினார், பிறகு சேலை அனுப்பினார், தப்பு என்மேல்தான் என்று எழுதியிருந்தாய். ஈஸ்டருக்கு நீ வந்தபோது, தனியாகப் பேசணும் என்று உன்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டுப் போனாரே, திரும்பி வந்தபோது உன் மணிக்கட்டு கன்றியிருந்தது. வளையல் அழுத்தியது என்றாய். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து நீ வளையலே போடுவதில்லை, செசிலி. இதுவும் எனக்கு நேற்றுத்தான் உறைத்தது.

நானும் உன் அம்மாவும் சண்டை போடாதவர்களா? உனக்கு அஞ்சு வயசிருக்கும், பாண்டிச்சேரி பஸ்ஸில் மாமியார் வீட்டுக்குப் போகும்போது பலகாரக் கூடையைத் திண்டிவனத்திலேயே மறந்துவிட்டேன். கிளியனூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். “இந்த ஆளைக் கட்டிக்கினதுக்கு அந்தக் கூடையையே கட்டிக்கினு இருக்கலாம், அதுக்காவது ஒரு கைப்பிடி இருக்குது” என்றாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து சிரித்தார். நீயும் மடியில் உட்கார்ந்து அம்மா திட்டத் திட்ட என் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினாய். அந்த பஸ்ஸில் என் மானம் போனது வாஸ்தவம், ஆனால் எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் ஒருத்தரைக் கண்டு பயமில்லை. இன்று நினைத்தாலும் அந்தச் சின்ன விரல் கண்ணிலேயே நிற்கிறது. கோபம் எந்த வீட்டில் இல்லை, ஆனால் பெற்ற மகன் கையைத் தூக்கினால் முகத்தை மூடுகிற பழக்கம் ஒரு தாய்க்கு ஒரு நாளில் வராது.

பத்திரிகை அச்சாகிவிட்டதே, ஊர் சிரிக்குமே என்று அம்மா முதலில் அழுதாள். பிறகு அவளே, “நாளைக்கு எம் பொண்ணும் அப்டி மூஞ்ச மூடிக்கினு நிக்கணுமா” என்று கேட்டு மூக்கைச் சிந்தினாள். இந்த ஊரை நான் எத்தனையோ தடவை சிரிக்கவைத்திருக்கிறேன், இன்னொரு தடவை சிரிக்கட்டும். இந்தக் கல்யாணம் வேண்டாமென்றால் ஒரு வரி போடு, வீட்டுக்கு வருவதை அவர் கேட்பார், அதனால் மண்டி விலாசத்துக்கு. எழுதக் கை வரவில்லையென்றால் எழுதவே வேண்டாம். இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை வரை தபால் வராவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு, மூன்றாம் ஓலை வாசிக்காமல் சுவாமியாரிடம் சொல்லி நானே நிறுத்திவிடுவேன். வேணும் என்று எழுதினாலும் ரயிலேறி அங்கே வந்து, உன் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் வாசிக்க விடமாட்டேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. ராத்திரி டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, தலைக்கு எண்ணெய் வை, இது அம்மா சொல்லச் சொன்னது. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, இது நான் சொல்வது. நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை, இது நாங்கள் இரண்டு பேரும் சொல்வது.

என்றும் உன் பக்கம் நிற்கும் அப்பா,
சூ. மாசிலாமணி