பாதி மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். நான் நலம். படியேறும்போது உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

மருந்து விலையைக் குறைக்கச் சொல்லி இங்குள்ள அரசாங்கம் கம்பெனிக்காரர்களோடு பேரம் பேசும் அறையில்தான் இப்போது எனக்குத் தேநீர் கொடுக்கும் வேலை. நேற்று மேஜைமேல் நீங்கள் போடும் அதே இதய மாத்திரை இருந்தது. "இதுக்கு மேல குறைக்க முடியாது" என்றார் கம்பெனிக்காரர். என் வாய் சும்மா இருக்குமா? "கட்டுப்படியாகாம எங்கப்பா அதைப் பாதியா உடைச்சுத்தான் சார் போடுறாரு" என்று சொல்லிவிட்டேன். மேலாளர் முறைத்தார், அவ்வளவுதான், வேலை போகவில்லை. விலை குறைந்தது, இந்த நாட்டுக்காரர்களுக்கு மட்டும்.

இனி நீங்கள் முழுதாகவே போடுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். காலி மாத்திரை அட்டைகளை எறியாமல் கடிதத்தோடு அனுப்புங்கள். தேநீருக்கு மணி அடிக்கிறது, முடிக்கிறேன். அட்டைகளை எண்ணிப் பார்க்கத்தான் கேட்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் விரல் பட்டது ஏதாவது என்னிடம் இருக்கட்டும்.