மங்கையை எங்கே விடுவது

ஹேடோ
12-8-1971

அம்மாவுக்கு நீலாவதியின் நமஸ்காரம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நானும் மங்கையும் சுகம். உங்கள் மாப்பிள்ளை இன்னும் தெற்கே ஹட் பே தீவில்தான் வேலையாக இருக்கிறார்.

ஆபீஸில் லீவு முடிந்ததால், பகலில் மங்கையைப் பக்கத்து லைன் வீட்டுச் சம்சாத் அக்காவிடம் விட்டேன். ஆறு பிள்ளைகள், ஓயாத இரைச்சல். கீழே விழுந்த பால்புட்டி ரப்பரைத் தன் வெற்றிலை வாயில் போட்டுச் சப்பிவிட்டு மங்கையின் வாயில் வைத்தார். எனக்குக் குமட்டியது.

மறுநாளே, மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு அம்மாள் வீட்டுக்கு மாற்றினேன். வெள்ளை விரிப்பு, பினாயில் வாசனை, வரிசையாகத் தூங்கும் பிள்ளைகள். "நம்மகிட்ட எந்த பச்சாவும் அழாது" என்றாள். இரண்டு நாளும் சாயங்காலம் தூக்கியபோது மங்கை துணிமூட்டை மாதிரி தோளில் தொங்கினாள். மூன்றாம் நாள் பத்து மணிக்கே போய் நின்றேன். பளபளவென்று துலக்கிய கரண்டியில் அபினைப் பாலில் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"கடுகளவுதான்மா. ஆராமா தூங்கும்."

த்தூ, அந்தச் சுத்தமும் அவளும். நம் வீட்டுப் பினாயிலையும் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

பயப்படாதீர்கள், மங்கை தெளிந்துவிட்டாள். மறுபடி சம்சாத் அக்காவிடமே விட்டிருக்கிறேன். ரப்பரை வெந்நீரில் கழுவச் சொன்னேன். "உனக்காகச் செய்யிறேன் தங்கச்சி" என்று சிவந்த வாயோடு சிரித்தார். மங்கை அங்கே நன்றாக அழுகிறாள்.

தபால் மூட்டையைக் கட்டப்போகிறார்கள். கப்பலில் வருகிற யாரிடமாவது நாலு ரப்பரும், மங்கைக்குத் தூளி கட்ட உங்கள் பழைய நூல் புடவை இரண்டும் கொடுத்தனுப்புங்கள். ரப்பர் புதிதாக இருக்கட்டும். புடவையை மட்டும் துவைக்க வேண்டாம், உடுத்திக் களைந்தபடியே அனுப்புங்கள்.

நீலா